தீர்ப்பு வரும்வரை நம் இல்லத்தில் ஒரு குழந்தை

(ஒசூர் வட்டாரத்து மகளிர் குழுவினரும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒருவர் பெற்ற குழந்தையை இன்னொருவர் வளர்ப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. தாய் இறந்தால் பாட்டி வளர்ப்பாள். தந்தை பிழைப்புத் தேடிப் போனால் அத்தை வளர்ப்பாள். பிள்ளையில்லாத பெரியப்பன் வீட்டில் தம்பி மகன் வளர்வான். உறவினர் இவ்வாறு வளர்ப்பதற்கு எந்தச் சட்டமும் நமக்குக் கற்றுத் தரவேண்டியிருக்கவில்லை. இன்று நாம் பேசவந்தது வேறொரு வகை வளர்ப்பைப் பற்றியதாகும். உறவல்லாத ஒரு குழந்தை, தன் பெற்றோரிடம் திரும்புமா, உற்றாரிடம் செல்லுமா, தத்துக் கொடுக்கப்படுமா என்பது முடிவாகாத நிலையில், சில திங்களோ சில ஆண்டுகளோ நம் வீட்டில் தங்கி வளர்கின்றது. சட்டம் இதனை வளர்ப்புப் பராமரிப்பு என்று அழைக்கின்றது. இவ்வாறு குழந்தையை ஏற்பவர் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பதே நம் பேச்சின் பொருள்.

இப்பொருளை ஒசூரில் வைத்துப் பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. எழுபதுகளில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஒசூர் மாநகராட்சியாயிற்று. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். காலையில் அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் வேலைக்குச் செல்வோர் பலர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் இவ்வூரில் இப்பொழுது ஒடியாவும் இந்தியும் சேர்ந்து ஒலிக்கின்றன. தொழில் தேடி வரும் குடும்பத்திற்கு இங்குக் கூலி கிடைக்கின்றது. ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறையும் கிடைக்கின்றது. பாட்டியும் அத்தையும் மட்டும் கிடைப்பதில்லை. சொந்த ஊரில் தாய் நோயுற்றால் அடுத்த வீட்டில் பிள்ளைக்குச் சோறு உண்டு. இங்கே அதே துன்பம் நேர்ந்தால், அக்குழந்தை மாலையில் எந்தக் கதவைத் தட்டும்?

அப்படிப்பட்ட குழந்தையைக் கண்டவர் செய்யவேண்டுவதை முதலில் கூறிவிடுகின்றோம். பெற்றோரைப் பிரிந்தும் ஆதரவற்றும் இருக்கும் குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திற்கோ, 1098 என்ற உதவி எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவிற்கோ தெரிவித்தல் வேண்டும். தெரிவியாதிருத்தல் குற்றமாகும். "பாவம், நாமே வைத்து வளர்ப்போம்" என்று நல்லெண்ணத்தோடு வைத்துக்கொள்வாரும் உளர். "பிள்ளையில்லாத வீடு ஒன்று தெரியும்" என்று கைமாற்றிக் கொடுப்பாரும் உளர். சட்ட முறைப்படியன்றித் தத்துக்காகக் குழந்தையைக் கொடுப்பதும் பெறுவதும் மூன்றாண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். பணம் கைமாறினால் ஐந்தாண்டு. தண்டனையைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. எங்கோ அக்குழந்தையைத் தேடி அலையும் தாய் ஒருத்தி இருப்பாளாயின், இந்தக் கைமாற்றத்தால் அவள் அதனை என்றென்றைக்கும் இழந்துவிடுவாள்.

குழந்தைகள் நலக் குழு என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டத்திற்கு ஒன்றேனும் அமைய வேண்டிய குழு. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்டது. அவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். நடுவர் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் இதற்கு உண்டு. குழந்தை யாரிடம் இருக்கவேண்டும் என்று முடிவு செய்வது இக்குழுவேயன்றி, வளர்ப்பவரும் அல்லர். குழந்தையைக் கொணர்ந்து விட்ட அலுவலரும் அல்லர். இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் மனத்தாங்கல்களில் பாதி வாரா.

குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் செய்வதில் நம் மாகாணம் பின்தங்கியதன்று. 1920இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டமே இந்நாட்டில் இவ்வகையில் முதலாவது. எனினும் அக்காலத்து எண்ணம் பெரும்பாலும் இல்லங்கள் கட்டுவதைச் சுற்றியே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணம் மாறிற்று. 1951இல் உலக சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி என்ற ஆங்கில மருத்துவர் ஓர் அறிக்கை அளித்தார். உணவும் உடையும் குறைவின்றிக் கிடைத்தபோதும், தன்னையே நாடி நிற்கும் ஒருவரின் இடையறாத அன்பு கிடைக்காத குழந்தையின் மனம் வாடிப்போகின்றது என்பதனை அவர் எடுத்துக் காட்டினார். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும் என்று இன்றைய நம் சட்டமும் கூறுகின்றது. ஆகவேதான் உங்களைப் போன்ற குடும்பங்களை நாடவேண்டியிருக்கின்றது.

இனி, காலத்தைப் பற்றிக் கூறுவோம். வளர்ப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை நாள்?" என்பதே. குழந்தையைப் பற்றிய சமூக விசாரணை 15 நாளில் முடிதல் வேண்டும். குழந்தை முதன்முதல் குழுவின்முன் கொணரப்பட்ட நாளிலிருந்து நான்கு திங்களுக்குள் முடிவான ஆணை பிறப்பித்தல் வேண்டும் என்பது சட்டத்தின் கெடு. இக்கெடு எல்லா இடத்தும் காக்கப்படுவதில்லை என்பதை உங்களிடம் மறைப்பதனால் பயனில்லை. எல்லைப்புற மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் ஊர்ப் பெயர் ஒன்றையும் தந்தையை மற்றவர் கூப்பிடும் செல்லப் பெயரையும் மட்டுமே அறிவான் என்று வைத்துக்கொள்வோம். அப்பெயருடைய ஊர்கள் ஒடிசாவில் பல இருக்கக்கூடும். அங்குள்ள மாவட்டத்திற்கு எழுதி, அவர்கள் ஆள் அனுப்பி வீட்டைக் கண்டுபிடித்து, அறிக்கை எழுதி, அது இங்கு வந்து சேரவேண்டும். கர்நாடகத்துக் குழந்தையாயினும், பேருந்தில் அரைமணி நேரத் தொலைவே ஆயினும், தாள்கள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்திற்குச் சென்றே ஆகவேண்டும். ஆகவே ஆவணி என்று சொன்னது கார்த்திகை ஆகலாம், அதனினும் நீளலாம். முடிவில், சொந்த மாவட்டத்திற்கு அனுப்புவதே குழந்தைக்கு நலம் என்று குழு கருதினால், காவலர் துணையோடு அங்குள்ள குழுவிடம் குழந்தை ஒப்படைக்கப்படும். பெண் குழந்தையாயின் பெண் காவலர் உடன் செல்வார்.

வளர்ப்பு இல்லத்திற்கு வரும் குழந்தை பெரும்பாலும் கைக்குழந்தையன்று. பெற்றோரற்ற, கைவிடப்பட்ட குழந்தைகளுள் ஆறு வயதுக்குட்பட்டவை சிறப்புத் தத்து நிறுவனத்தில் வைக்கப்படுகின்றன. தத்துக் கொடுக்கத் தக்கதெனக் குழு கருதும் குழந்தையை நெடுங்கால வளர்ப்புக்குத் தரலாகாது என்பதும் சட்டம். எனவே உங்கள் வீட்டுப் படியேறும் பிள்ளைக்கு ஏழு வயதிருக்கலாம், பதினொன்று இருக்கலாம். அதற்குப் பெயர் உண்டு, மொழி உண்டு, நினைவு உண்டு. தன் தாய் சுடும் ரொட்டியின் மணம் அதற்குத் தெரியும். நம் வீட்டுக் களியையும் கீரைக் கடைசலையும் அது ஒதுக்கி வைத்தால், அதனை நன்றிகெட்ட தன்மையென்று எண்ணலாகாது.

முதற் சில வாரங்களில் நிகழக்கூடியவற்றைச் சொல்லிவைத்தல் நலம். குழந்தை படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம். உணவை ஒளித்து வைக்கலாம். தலையணையின் கீழ் வாழைப்பழமும் பாயின் சுருளில் பிஸ்கட்டும் அகப்பட்டால் திருடனென்று கடிந்துகொள்ளற்க. நாளைக்குச் சோறு உண்டா என்ற ஐயம் தீர்வதற்குச் சில திங்கள் ஆகும். சில குழந்தைகள் ஒரு சொல்லும் பேசா. வேறு சில முதல் நாளே கழுத்தைக் கட்டிக்கொள்ளும். அது கண்டு மகிழ்ந்து போகின்றோம், ஆனால் யாரைக் கண்டாலும் அவ்வாறே கட்டிக்கொள்ளும் குழந்தையிடத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். உடன்பிறந்தார் இருவராயின் கூடியவரை ஒரே வீட்டில் வைக்கவேண்டும் என்பது விதி. அக்காள் தம்பிக்கு ஊட்டிவிடுவாள், உங்களை ஊட்டவிடமாட்டாள். சில நாள் அவளிடமே விட்டுவிடுங்கள். இத்தனை நாள் அவனுக்குத் தாயாக இருந்தவள் அவளே.

என்னவென்று கூப்பிடச் சொல்வது என்பது சிறு செய்தியாகத் தோன்றும். நம் அனுபவத்தில் அது சிறிதன்று. "என்னை அம்மா என்று கூப்பிடு" என்று ஆசையோடு கற்பிக்கும் தாய்மார்கள் இருக்கின்றார்கள். அக்குழந்தைக்கு ஏற்கெனவே ஓர் அம்மா இருக்கின்றாள். நோயாளியாக இருக்கலாம், சிறையில் இருக்கலாம், குடியில் கெட்டவளாகவும் இருக்கலாம். இன்னொருத்தியை அவ்வாறு அழைப்பது தன் தாய்க்குச் செய்யும் துரோகமெனக் குழந்தையின் நெஞ்சு உறுத்தும். அத்தை, சின்னம்மா, பெரியம்மா என்று நம் மொழியில் எத்தனை முறைகள் இருக்கின்றன! அவற்றுள் ஒன்றைக் குழந்தையே தேர்ந்துகொள்ளட்டும். தானாக 'அம்மா' என்று அழைத்தால் தடுக்கவும் வேண்டுவதில்லை.

பெற்றோர் வந்து பார்ப்பதுதான் வளர்ப்பவருக்கு நேரும் கடுஞ்சோதனை. பெற்றோர் தகுதியற்றவரென்றோ இயலாதவரென்றோ குழு கருதியதனால் குழந்தை வளர்ப்புக்கு வந்திருப்பினும், அவர்கள் இடைவிட்டு இடைவிட்டு வந்து பார்க்கச் சட்டம் இடமளிக்கின்றது. பார்ப்பது குழந்தைக்கு நலமன்று என்று குழு கருதினால் மட்டுமே, காரணத்தை எழுதி வைத்துத் தடுக்கலாம். பெற்றோர் திருந்தித் தகுதி பெற்றாரென்று குழு கண்டால், குழந்தை அவர்களிடமே திரும்பக்கூடும். தாய் வந்து போன இரவு குழந்தை உண்ணாது, அழும், மறுநாள் பள்ளியில் யாரையேனும் அடித்துவிட்டு வரும். "வராமலிருந்தால் பிள்ளை நன்றாக இருக்குமே" என்று உங்களுக்குத் தோன்றும். அழுகை வருகின்றது என்பதனாலேயே பார்ப்பது தீங்கென்று ஆகிவிடாது. பிரிவின் துயரம் வெளிப்படுவதும் உடல்நலம் போன்றதே. குழந்தை அஞ்சினால், உடலில் காயம் கண்டால், தாய் தந்தையர் குடித்துவிட்டு வந்தால், அதனை நாளும் நேரமும் இட்டு எழுதி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்குத் தெரிவியுங்கள். நீங்களாகக் கதவைச் சாத்தாதீர்கள். பெற்றோரைக் குழந்தையின் காதில் விழ இகழ்ந்து பேசுவதையும் விட்டுவிடுங்கள். தன் தாய் கெட்டவள் என்று கேட்கும் பிள்ளை, தானும் கெட்ட பிள்ளைதான் என்று முடிவு செய்துகொள்கின்றது.

குழுவினர் திங்கள்தோறும் வளர்ப்பு இல்லத்தைப் பார்வையிடவேண்டும் என்பது விதி. "எங்கள் மேல் ஐயமா?" என்று சிலர் வருந்துகின்றார்கள். வருந்தற்க. 1945இல் இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ப்புக்கு விடப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். வரவேண்டிய அலுவலர் உரிய காலத்தில் வந்து பார்க்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அச்சாவு அந்நாட்டையே உலுக்கிற்று. 1948இல் அங்குக் குழந்தைகளுக்கென ஒரு புதிய சட்டம் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து குழந்தையோடு தனியே பேசவேண்டும் என்று அலுவலர் கேட்டால், அந்தச் சிறுவனை எண்ணிக்கொள்ளுங்கள். வரவேண்டியவர் வாராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அதனை நாம் பெரிதும் விரும்புகின்றோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தை ஒன்றுக்குத் திங்களுக்கு 4000 ரூபாய் என்று வகுக்கப்பட்டுள்ளது. அது குழந்தையின் உணவுக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் உரியது. வீட்டு வருமானம் அன்று. ஒவ்வொரு திங்களும் முதல் தேதியே வந்துவிடும் என்று எண்ணிக் கடை பாக்கி வைக்காதிருப்பது நலம். குழுவின்முன் செல்லும் நாளில் அஞ்செட்டியிலிருந்தோ தளியிலிருந்தோ கிருஷ்ணகிரிவரை சென்று திரும்பினால் ஒரு நாள் கூலி போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அத்திப்பள்ளிச் சந்தைக்கோ பெங்களூருக்கோ அழைத்துச் செல்வது நமக்கு அன்றாடச் செயலாக இருக்கலாம். மாநில எல்லையைத் தாண்டுவதாயின் முன்கூட்டித் தெரிவித்து இசைவு பெற்றுக்கொள்ளுங்கள்.

ஊரார்க்கும் ஒரு வேண்டுகோள். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்பது ஊராட்சிதோறும் இருக்கவேண்டியது. அதன் உறுப்பினர்களே, "இது யார் பெற்ற பிள்ளை?" என்று பள்ளி வாயிலில் கேட்பதை நிறுத்தச் செய்யுங்கள். குழந்தையின் படத்தையும் பெயரையும் கதையையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இரக்கத்தால் செய்யப்படினும் தவறே. அடையாளத்தை வெளியிடுவோர்க்கு ஆறு திங்கள்வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு.

முடிவு எப்படி அமையும்? வளர்த்த அன்பு தானே உரிமையாகிவிடாது என்பதை வருத்தத்தோடு கூறவேண்டியிருக்கின்றது. உறவினருக்கிடையே எழும் காப்புரிமை வழக்குகள் நலக் குழுவிற்கல்ல, நீதிமன்றத்திற்குச் செல்வன. எனினும் அங்கும் இங்கும் நெறி ஒன்றே. 2008இல் உச்சநீதிமன்றம் முடித்த கல்கத்தா வழக்கொன்றில், தாயை இழந்த சிறுவன் தாயின் பெற்றோரிடமே இருக்க விரும்பினான். தாயின் சாவு தொடர்பாகத் தந்தை குற்றம் சாட்டப்பட்டிருந்தார். சிறுவன் பாட்டன் பாட்டியிடமே விடப்பட்டான். 2019இல் வந்த மகாராட்டிர வழக்கிலோ, புற்றுநோயால் தாய் இறந்தபின் தாய்வழி உறவினர் அன்போடு வளர்த்த சிறு பெண்ணை நீதிமன்றம் தந்தையிடமே ஒப்படைத்தது. இரண்டிலும் வளர்த்தவர்களின் அன்பில் குறையில்லை. பிள்ளைகள் எவருடைய உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்ற கருத்தை 1973இலேயே சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்திருக்கின்றது. அக்கருத்து பெற்றோரை நோக்கிச் சொல்லப்பட்டது; வளர்ப்போரும் செவி சாய்க்கலாம்.

உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருளன்று. குழந்தை எப்படி உறங்குகின்றது, எதற்கு அஞ்சுகின்றது, யாரை நினைத்து அழுகின்றது என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் எவருமிலர். அதனைக் குழுவின்முன் கூறுங்கள். குழந்தையின் விருப்பத்தைக் கேட்கவேண்டும் என்பதும் சட்டத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. ஆனால் என்ன சொல்லவேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்து வாராதீர்கள். அனுபவமுள்ள உறுப்பினர் அதனை ஒரு நொடியில் கண்டுகொள்வர். வளர்ப்புப் பராமரிப்புப் பற்றிய ஆணையில் மனக்குறை உடையவர் 30 நாளுக்குள் மாவட்ட ஆட்சித் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். திரும்பிச் செல்ல வீடே இல்லாத குழந்தை, சட்டப்படி தத்துக்குரியதென அறிவிக்கப்பட்டால், இரண்டாண்டு வளர்த்த குடும்பமே அதனைத் தத்தெடுக்க 2024இன் வழிகாட்டு நெறிகள் இடமளிக்கின்றன. முன்பு இது ஐந்தாண்டாக இருந்தது. மணமாகாதவரும் துணையை இழந்தவரும்கூட இன்று வளர்ப்போராக முன்வரலாம். தனித்து வாழும் ஆடவர் ஆண் குழந்தையை மட்டுமே ஏற்கலாம். ஆயினும் தத்து என்ற நம்பிக்கை ஒன்றையே வைத்துக்கொண்டு இப்பணிக்கு வருபவரை நாம் ஊக்குவிப்பதில்லை. அவர்கள் நேரே தத்துக்கு விண்ணப்பிப்பதே முறை.

குழந்தை புறப்படும் நாள் ஒன்று வரும். சில வேளைகளில் ஒரு வாரம் முன்னரே தெரியும். சில வேளைகளில் முதல் நாள் மாலைதான் தெரியும். ஆதலின் குழந்தை வந்த நாளிலிருந்தே ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். போட்ட தடுப்பூசி, விழுந்த பல், கற்ற பாட்டு, வாங்கிய மதிப்பெண், ஒவ்வாத மருந்து, பிடித்த குழம்பு என யாவும் அதில் ஏறட்டும். படங்கள் சிலவும் ஒட்டுங்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழோடும் மருத்துவச் சீட்டுகளோடும் அக்குறிப்பேட்டையும் குழந்தையின் பையில் வையுங்கள். நீங்கள் வாங்கித் தந்த சட்டையும் பொம்மையும் அதனுடையவை. அவையும் உடன் செல்லட்டும். பையென்று சொன்னோம், பிளாஸ்டிக் உறையில் துணிகளைத் திணித்து அனுப்பாமல், சிறிதாயினும் நல்லதொரு பையாக வாங்கிக் கொடுங்கள். குழந்தையிடம் பொய் சொல்லவேண்டாம். "கடைக்குப் போய் வருவோம்" என்று ஏமாற்றி வண்டியில் ஏற்றிய குழந்தை, அதன்பின் எவரையும் நம்புவது கடினம்.

அதற்குப் பிறகு வீடு வெறிச்சென்றிருக்கும். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் கை தானாகப் பாலைச் சுடவைக்கும். அண்டை வீட்டார், "பெற்றதா என்ன, ஏன் இவ்வளவு வருத்தம்?" என்பர். அவ்வருத்தம் இயல்பானது; அதனை ஆற்றிக்கொள்ளக் காலம் வேண்டும். குழந்தையோடு கடிதமோ தொலைபேசியோ தொடரலாமா என்பதைக் குழுவிடமே கேட்டறிந்து நடப்பது முறை. தொடர்ந்தால் இரு வீட்டாரும் ஒருப்பட்டுத் தொடரவேண்டும். சில வாரம் கழித்துப் பாதுகாப்பு அலகிலிருந்து இன்னொரு குழந்தையைப் பற்றிப் பேச அழைப்பு வரலாம். மனம் ஆறவில்லையாயின், "இப்பொழுது வேண்டாம், தை பிறந்த பின் கேளுங்கள்" என்று நீங்கள் தயங்காமல் கூறலாம். அதனால் உங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடாது.